ஒலியும் ஒளியும் செல்லும் வழி

காவிரியின் கிளையாறுகள் பாய்ந்து வளங்கொழிக்கும் சோழநாட்டு நெல்வயல்களின் நடுவே கூத்தாநல்லூர் என்னும் ஊர் அமைந்துள்ளது. பழைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர் இன்று திருவாரூர் மாவட்டத்தில் உள்ளது. சுற்றிலும் வயல்கள் சூழ்ந்திருப்பினும், இவ்வூரார் பலர் நெடுங்காலமாகக் கடல் கடந்து பொருளீட்டி வந்தவர்கள். பர்மா, மலேயா, சிங்கப்பூர் முதலிய நாடுகளில் அவர்கள் வாணிகம் செய்தனர். நாகப்பட்டினத்துறையில் 'ரஜூலா' என்ற கப்பலிலும், பின்னாளில் 'சிதம்பரம்' என்ற கப்பலிலும் ஏறிக் கீழ்த்திசை சென்ற தமிழர் எண்ணிறந்தோர்.

சென்றவர் திரும்பி வர ஆண்டுகள் பல ஆகும். அதுவரையில் கடிதம் ஒன்றே உறவினை இணைக்கும் பாலமாக இருந்தது. 1963ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனத்தார் கையடக்கமான ஒலிநாடாப் பேழையை உருவாக்கினர். மக்கள் அதனைக் 'கேசட்' என்றே வழங்கினர். அது பரவிய பின்னர், எழுத வேண்டியதைப் பேசிப் பதிவு செய்து, ஊருக்குத் திரும்புவோரிடம் கொடுத்தனுப்பும் வழக்கமும் தோன்றியது. கடிதத்தில் செய்தி மட்டுமே வரும். கேசட்டிலோ பேசியவரின் குரலே வந்தது.

அத்தகைய கேசட் ஒன்று கூத்தாநல்லூரில் ஒரு வீட்டின் பழைய பெட்டிக்குள் இன்றும் இருப்பதாகக் கொள்வோம். அதில் இருப்பது மறைந்துபோன பாட்டனாரின் குரல். நாடாவின்மேல் பூசப்பட்டுள்ள காந்தப் பொருள் காலப்போக்கில் உதிரும்; நாடாவும் நைந்துபோகும். அதற்குள் அக்குரலைக் கணிப்பொறிக்கு மாற்றிவிடப் பேரன் விரும்புகிறான். பழைய ஒலிப்பதிவுக் கருவியும் வீட்டில் இருக்கிறது. அதன் பின்புறம் ஐந்து துளைகள் கொண்ட வட்டமான குழி ஒன்று காணப்படுகிறது. கணிப்பொறியிலோ நீலம், பச்சை, இளஞ்சிவப்பு ஆகிய மூன்று நிறங்களில் சிறு துளைகள் உள்ளன. அவன் கையில் பலவகை வடங்கள் நிறைந்த பை ஒன்று இருக்கிறது. எதனை எதனோடு இணைப்பது? துளையில் நுழைகின்ற எந்த வடமும் போதுமா? தவறாக இணைத்தால் என்ன நேரும்? இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின், வடத்தின் வழியே ஓடுவது யாது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

ஒருவர் பேசும்பொழுது காற்று அதிர்கிறது. 'மைக்' எனப்படும் ஒலிவாங்கி அவ்வதிர்வை மின்னோட்டமாக மாற்றுகிறது. குரலின் ஏற்ற இறக்கங்களுக்கு ஏற்ப அம்மின்னோட்டமும் ஏறியிறங்கி ஓடும். இவ்வாறு செய்தியைச் சுமந்து ஓடும் மின்னோட்டத்தைக் குறிகை என்பர். ஒலிக் குறிகைகள் வலிமையால் மூவகைப்படும். ஒலிவாங்கியிலிருந்து வருவது ஒரு வோல்ட்டில் சில ஆயிரத்தில் ஒரு பங்கே ஆகும். ஒலிப்பதிவுக் கருவி, வானொலிப் பெட்டி முதலியவை ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கும் குறிகை ஏறத்தாழ ஒரு வோல்ட்டு அளவினது. ஒலிபெருக்கியை இயக்கும் குறிகையோ பத்துக்கணக்கான வோல்ட்டு வரை செல்வதும் உண்டு. முதலாவது தளிர் போன்றது. இரண்டாவது கன்று போன்றது. மூன்றாவது மரம் போன்றது. தளிருக்கு வேலி வேண்டும். மரத்திற்கு அது வேண்டுவதில்லை. வடங்களின் வேறுபாடுகளுள் பல இதிலிருந்தே பிறக்கின்றன.

மெல்லிய குறிகைக்கு வேலி எதற்கு? நம் வீடுகளில் ஓடும் மின்சாரம் 230 வோல்ட்டு வலிமையுடையது. ஒரு நொடிக்கு 50 முறை திசைமாறி அலைவது. அதன் சாயல் அருகிலுள்ள கம்பிகளின்மேல் படியும்போது, ஒலிபெருக்கியில் 'ம்ம்' என்ற முரலொலி கேட்கும். ஆகவே, குறிகை செல்லும் கம்பியைச் சுற்றிச் செம்பு இழைகளால் பின்னிய உறை ஒன்றை அமைக்கின்றனர். வெளியிலிருந்து வரும் இடையூற்றை அவ்வுறை பெருமளவு தடுத்துவிடும். இதனை மறைப்புறை எனலாம்.

ஒலி வடங்களின் முனைகளுள் மிகப் பழையது 6.35 மில்லிமீட்டர் தடிமனுள்ள செருகி ஆகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொலைபேசி நிலையங்களில் ஓர் இணைப்பிலிருந்து மற்றோர் இணைப்பிற்கு மாற்றுதற்பொருட்டு இஃது உருவாயிற்று. இன்றும் மின்கிதார், ஒலிபெருக்கும் கருவி ஆகியவற்றில் இதனைக் காணலாம். கடைக்காரர்கள் இதனைப் 'பி-38' என்பர். இதன் தம்பியே 3.5 மில்லிமீட்டர் செருகி, 'இ.பி. பின்' எனவும் இது வழங்கும். சிறிய டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டிகளின் காதுக்குழாய்க்கெனப் பரவிப் பின்னர் கணிப்பொறி, கைப்பேசி ஆகியவற்றிலும் இடம்பெற்றது.

இச்செருகியை உற்றுநோக்கினால் கறுப்பு வளையங்கள் அதனைப் பல பகுதிகளாகப் பிரித்திருத்தல் புலனாகும். இரண்டு பகுதிகள் உள்ளதில் ஓர் ஒலி மட்டுமே செல்லும். மூன்று பகுதிகள் இருப்பின் நுனியில் இடக்காதின் ஒலியும், நடு வளையத்தில் வலக்காதின் ஒலியும் செல்லும். அடிப்பகுதி இரண்டிற்கும் பொதுவானது. நான்கு பகுதிகள் உடையது கைப்பேசிக்கு உரியது. அதில் ஒலிவாங்கிக்கும் ஓர் இடம் உண்டு. ஒரே தடிமன் உடையனவாதலால் இவை யாவும் ஒரே துளையில் நுழையும். ஆயினும் இவற்றின் பணி ஒன்றன்று.

மற்றொரு வகை ஆர்.சி.ஏ. எனப்படுவது. அமெரிக்க வானொலிக் கழகம் என்ற நிறுவனத்தார், இசைத்தட்டுக் கருவியின் ஒலியை வானொலிப் பெட்டியின் வழியே கேட்கும்பொருட்டு 1930களில் இதனை உருவாக்கினர். நடுவில் ஓர் ஊசியும் அதனைச் சுற்றி உலோக வளையமும் உடையது இது. வலப்பக்க ஒலிக்குச் சிவப்பும் இடப்பக்க ஒலிக்கு வெள்ளையும் நிறக்குறிகளாக அமைந்தன. பேரன் கண்ட ஐந்து துளைக் குழி இவற்றினும் வேறானது. அது செருமானிய நாட்டுத் தர அமைப்பின் பெயரால் 'டின்' எனப்படும். ஐரோப்பிய ஒலிப்பதிவுக் கருவிகளில் ஒரு காலத்தில் இதுவே வழக்கில் இருந்தது. அதன் நடு ஊசி மறைப்புறைக்கு உரியது. இரண்டு ஊசிகள் ஒலியைப் பதிவு செய்வதற்கும், எஞ்சிய இரண்டு பதிந்த ஒலியை வெளியே எடுப்பதற்கும் உரியவை.

இனி, ஒலிவாங்கியின் வடத்தைக் காண்போம். திருவையாற்றில் ஆண்டுதோறும் தியாகராசர் ஆராதனை நிகழ்கிறது. காவிரிக்கரையில் இசைவாணர் பலர் ஒருங்கே அமர்ந்து பாடும் அவ்விசையை வானொலி நேரடியாக அஞ்சல் செய்வதும் உண்டு. சோழநாட்டின் இசை வளத்தைப் பரப்புவதில் 1939ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் தொடங்கிய திருச்சிராப்பள்ளி வானொலி நிலையத்திற்குப் பெரும் பங்குண்டு. இத்தகைய விழாக்களில், பாடுவோர் முன் உள்ள ஒலிவாங்கியிலிருந்து கருவிகள் இருக்கும் இடம் வரை வடம் நெடுந்தொலைவு செல்ல வேண்டும். வழியில் விளக்குகளுக்குச் செல்லும் மின்கம்பிகளும் பல இருக்கும். மறைப்புறை மட்டும் அங்கே போதாது.

ஆகவே, ஒலிவாங்கிக்கு மூன்று ஊசிகள் கொண்ட இணைப்பைப் பயன்படுத்துவர். கானன் என்ற அமெரிக்க நிறுவனத்தார் இதனைச் செய்தமையால், இன்றும் ஒலிபெருக்கி அமைப்போர் இதனைக் 'கேனன் பின்' என்றே அழைக்கின்றனர். எக்ஸ்.எல்.ஆர். என்பது இதன் மற்றொரு பெயர். இதில் ஓர் ஊசி மறைப்புறைக்கு உரியது. ஏனைய இரண்டிலும் ஒரே குறிகை செல்லும். ஆனால் ஒன்றில் ஏறும்போது மற்றொன்றில் இறங்கும். வழியில் இடையூறு நேருமாயின், அருகருகே செல்லும் இரு கம்பிகளின்மேலும் அது ஒரே வகையாகப் படியும். மறுமுனையில் உள்ள கருவி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து நோக்கும். கழித்தவுடன் இரண்டிற்கும் பொதுவான இடையூறு மறைந்துவிடும். எதிரெதிராக ஓடிய குரலோ இருமடங்காகத் தோன்றும். கழித்தல் என்னும் எளிய கணக்கு இசையைத் தூய்மையாகக் காக்கும் திறம் வியக்கத்தக்கது அன்றோ!

ஒலிபெருக்கிக்குச் செல்லும் வடத்தின் இயல்பு வேறு. அங்கே குறிகை வலிமையுடையதாதலால், முரலொலியைப் பற்றிய கவலை இல்லை. கம்பியிலேயே ஆற்றல் வெப்பமாக வீணாகிவிடுமே என்பதே கவலை. எனவே, அவ்வடம் மறைப்புறை இன்றித் தடித்த கம்பிகளால் அமையும். திருவிழாக் காலத்தில் தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டும்போது இன்னொரு முறையைக் கையாளுவர். 100 வாட்டு ஆற்றலை 8 ஓம் தடையுள்ள ஒலிபெருக்கிக்கு நேராகச் செலுத்தினால், ஏறத்தாழ 28 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர் மின்னோட்டம் கம்பியில் ஓடும். அதே ஆற்றலை 100 வோல்ட்டாக உயர்த்தி அனுப்பினால் 1 ஆம்பியரே போதும். கம்பியில் வீணாகும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே, அவ்விழப்பு பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஒவ்வோர் ஒலிபெருக்கியிலும் உள்ள சிறு மின்மாற்றி அதனை மீண்டும் தாழ்த்திக்கொள்ளும்.

ஒலியினும் ஒளிப்படத்தை அனுப்புதல் அரிது. ஒலி அலைகள் நொடிக்கு 20,000 முறைக்கு மேல் அதிர்ந்தால் நம் செவிக்குப் புலனாகா. தொலைக்காட்சிப் படத்தின் குறிகையோ நொடிக்குப் பல இலட்சம் முறை அலைவது. இத்துணை விரைந்த அலைகளைக் கொண்டு செல்வதற்கு ஏற்றது ஓரச்சு வடம் ஆகும். ஆலிவர் எவிசைடு என்ற ஆங்கில அறிஞர் 1880ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். நடுவே ஒரு செம்புக் கம்பி. அதனைச் சுற்றி மின்சாரம் கடத்தாத வெண்ணிறப் பொருள். அதன்மேல் பின்னிய மறைப்புறை. எல்லாவற்றிற்கும் மேலே கறுப்புத் தோல். கம்பிக்கும் உறைக்கும் ஒரே அச்சு அமைந்தமையால் இப்பெயர் பெற்றது. தொலைக்காட்சிக்கு 75 ஓம் என்னும் மின்மறுப்பு உடைய வடமே ஏற்றது. வேறு வகை வடத்தை இடையில் இணைத்தால், இணைந்த இடத்தில் அலையின் ஒரு பகுதி எதிரொலி போல் திரும்பிவிடும். பழைய தொலைக்காட்சித் திரையில் ஓர் உருவத்தின் அருகே அதன் நிழலுருவம் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்தது.

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கியது. எனினும் சோழநாட்டுக் கடற்கரை மக்களுக்குச் சென்னையினும் இலங்கை அண்மையில் இருந்தது. 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினி நிகழ்ச்சிகளை, உயர்ந்த கம்பங்களில் ஆண்டெனாக்களைக் கட்டி அவர்கள் கண்டுவந்தனர். கடல் தாண்டி வந்த மெல்லிய அலையை வீட்டினுள் இழக்காமல் கொண்டுவந்து சேர்த்தது, கம்பத்திலிருந்து இறங்கிய வடமே ஆகும். அதன் முனை மழையில் நனைந்து களிம்பேறினால், திரையில் புள்ளிகளே மிஞ்சும்.

ஒளிநாடாக் கருவியிலிருந்து தொலைக்காட்சிக்குப் படம் செல்லுதற்கு மஞ்சள் நிற ஆர்.சி.ஏ. முனை வழங்கியது. சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு, மஞ்சள் படத்திற்கு. 1987இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் கணிப்பொறித் திரைக்கென 15 ஊசிகள் கொண்ட வி.ஜி.ஏ. இணைப்பை அமைத்தனர். அதில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களுக்கும் தனித்தனிக் கம்பிகள் உண்டு. ஆதலின் படம் தெளிவு மிகுந்தது.

இதுகாறும் கூறியவற்றில் படமும் ஒலியும் ஏறியிறங்கும் அலைகளாகவே சென்றன. இக்காலத்திலோ அவை எண்களாக மாற்றி அனுப்பப்படுகின்றன. 2002ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த எச்.டி.எம்.ஐ. என்னும் இணைப்பு 19 ஊசிகள் கொண்டது. படத்தையும் ஒலியையும் ஒரே வடத்தில் எண்களாகச் செலுத்துவது. அலையாகச் செல்லும் குறிகை சிறிது சிறிதாகத் தேயும். எண்ணாகச் செல்வதோ ஓர் எல்லை வரை முழுமையாக வரும், அவ்வெல்லை கடந்தால் துண்டு துண்டாக உடைந்து மறையும். ஆகவே, சாதாரண எச்.டி.எம்.ஐ. வடத்தை மிக நீளமாக அமைத்தல் இயலாது. விலை மிகுந்த வடத்தினால் படத்தின் அழகு கூடும் என்று எண்ணுவதும் பொருந்தாது. எண்கள் பிழையின்றி வந்து சேர்ந்தால் எந்த வடத்திலும் படம் ஒன்றே.

2014ஆம் ஆண்டில் யு.எஸ்.பி. 'சி' வகை இணைப்பு வந்தது. 24 இணைப்பு முனைகள் கொண்ட இதனை எப்பக்கம் திருப்பியும் செருகலாம். மின்னூட்டம், ஒலி, படம் ஆகிய மூன்றிற்கும் இஃது ஒன்றே போதும் என்பர். ஆயினும் இவ்வடிவமுடைய வடங்கள் யாவும் எல்லாப் பணியையும் செய்வதில்லை. சில மின்னூட்டம் மட்டுமே செய்யும். சில படத்தையும் கொண்டு செல்லும். வெளித்தோற்றத்தால் இவற்றை வேறுபடுத்தி அறிதல் அரிது.

இங்ஙனம் நோக்கின் ஓர் உண்மை விளங்கும். செருகி துளையில் நுழைவது ஒன்று. இரு கருவிகளும் ஒன்றுக்கொன்று ஒத்திருப்பது மற்றொன்று. முன்னதைக் கண்ணால் காணலாம். பின்னதை அறிவினால் மட்டுமே காண இயலும். மஞ்சள் நிற முனையை எச்.டி.எம்.ஐ. துளைக்கு ஏற்றவாறு வெறும் கம்பிகளால் மாற்றி அமைத்தால் படம் தோன்றாது. அலையை எண்ணாக மாற்றும் கருவி ஒன்று இடையே வேண்டும்.

இவ்வேறுபாட்டை மறந்தால் உயிருக்கே இறுதி நேர்தலும் உண்டு. ஒலிபெருக்கியின் வடத்தில், வீட்டு மின்சாரத்திற்கு உரிய இரண்டு முள் செருகியைப் பொருத்துவோர் சிலர் உளர். அறியாத ஒருவர் அதனைச் சுவரிலுள்ள மின்துளையில் செருகினால் கருவி எரியும். தொட்டவர் உயிர் இழக்கவும் கூடும். முரலொலியை நீக்குவதற்காக மூன்று முள் செருகியின் நிலத்தொடர்பு முள்ளை முறித்துவிடுவதும் இதற்கு நிகரான கொடிய பிழையாகும். கருவியின் உள்ளே பழுது நேரும்போது மின்சாரத்தை நிலத்திற்குச் செலுத்தி, ஒலிவாங்கியைப் பிடித்திருப்பவரைக் காப்பது அம்முள்ளே. இடி மின்னல் தோன்றுமுன்பே ஆண்டெனா வடத்தைக் கழற்றி வைத்தலும் இன்றியமையாதது.

இனி அப்பேரனிடம் மீள்வோம். ஒரு முனையில் ஐந்து ஊசிகளும் மறுமுனையில் சிவப்பு, வெள்ளை ஆர்.சி.ஏ. முனைகளும் உள்ள வடத்தை அவன் தேர்ந்தெடுக்க வேண்டும். பதிந்த ஒலியை வெளியே எடுக்கும் ஊசிகளோடு அவை இணைந்துள்ளனவா என்பதையும் நோக்குதல் வேண்டும். அதனை 3.5 மில்லிமீட்டர் செருகியாக மாற்றும் சிறு வடம் ஒன்றும் தேவை. கணிப்பொறியின் மூன்று துளைகளிலும் அச்செருகி நுழையும். ஆனால் இளஞ்சிவப்புத் துளை ஒலிவாங்கிக்கு உரியது. அங்கே ஒரு வோல்ட்டு அளவுள்ள குறிகையைச் செலுத்தினால், தளிருக்கு ஊற்றவேண்டிய இடத்தில் மடையைத் திறந்துவிட்டது போலாகும். குரல் கரகரத்துச் சிதையும். பச்சை, ஒலி வெளியே செல்லும் வழி. அதில் எதுவும் பதியாது. வெளிர்நீலமே ஏற்ற வழி. அத்துளை இல்லாத கணிப்பொறியாயின், ஒலியை எண்ணாக மாற்றி யு.எஸ்.பி. வழியே தரும் சிறு கருவியை வாங்கிக்கொள்ளலாம்.

கூத்தாநல்லூரையும் சிங்கப்பூரையும் பிரித்த கடலுக்கு அடியிலும் வடங்கள் கிடக்கின்றன. 1871ஆம் ஆண்டளவில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்தி வடம் செயற்பட்டது. அக்காலத்துக் கடலடி வடங்களுக்கு நீர் புகாத உறையாக அமைந்தது, மலேயாக் காட்டு மரங்களின் பாலிலிருந்து எடுத்த 'கட்டாபெர்ச்சா' என்ற பொருளாகும். 2002ஆம் ஆண்டில் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள கண்ணாடி இழை வடம் அமைந்தது. மயிரிழை போன்ற கண்ணாடியினுள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீட்டர் விரைந்து ஓடுகிறது. பாட்டனாரின் கேசட் கப்பலில் வந்துசேரப் பல நாட்கள் ஆயின. அவர் கடந்த அதே கடலை இன்று ஒரு குரல் ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும்.

எனினும் கடலடி வடமாயினும், கேசட் கருவியின் பின்னே உள்ள ஒரு முழ வடமாயினும் அவற்றின் கடமை ஒன்றே. பெற்றதைக் குறையாமலும் திரியாமலும் கொண்டு சேர்த்தலே அக்கடமை. வெளிர்நீலத் துளையில் செருகியைப் பொருத்தி, கேசட்டைப் பேரன் சுழல விடும்போது, பல ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரில் இருந்து பேசியவரின் குரல் தன் இயல்பு மாறாமல் அவ்வீட்டில் ஒலிக்கும். தன்னைக் காணாமலே தன் மக்கள் வளர்வதை எண்ணிப் பேசிய அந்தக் குரலைத் தலைமுறை கடந்து காத்துத் தருவது, சரியான துளை எது என்னும் சிறிய அறிவே ஆகும்.